வார்டன் வீடு எங்க இருக்கு?

(ஒலிப்பதிவின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

ஹாஸ்டல் சாப்பாடு பத்தி ஒரு எபிசோடு போட்டோம் இல்லையா, அதுக்கு வந்த மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப ஒரு கேள்வி இருந்தது. “பிரச்சனைன்னா யார்கிட்ட போறது?” வார்டன்கிட்ட போனா ஆபீஸ்ல கேளுங்கறார், ஆபீஸ்ல கேட்டா டீன் மேடம்கிட்ட பேசுங்கறாங்க, டீன் மேடம் மீட்டிங்ல இருக்காங்க. தாம்பரத்துல ஆரம்பிச்சு வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி வரைக்கும் ஜிஎஸ்டி ரோடு பூரா ஹாஸ்டலும் பிஜியும்தான். அத்தனை பசங்க வீட்டை விட்டு வந்து தங்கியிருக்காங்க. அவங்களுக்கு காலேஜ்ல யார் பொறுப்பு?

இதைத் தேடப் போனா பதில் நம்ம ஏரியாவிலேயே இருக்கு. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, மரங்களுக்கு நடுவுல இருக்குற மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. எம்.சி.சி. தாம்பரத்துக்காரங்க தினமும் அந்த கேட்டைத் தாண்டிப் போறோம். அந்தக் கல்லூரியை நடத்தின மூணு பேரோட வேலை வாழ்க்கையை வச்சு இன்னைக்குப் பேசலாம். கல்லூரி வரலாறு முழுசும் சொல்லப் போறதில்லை. மாணவர்களோட அன்றாட வாழ்க்கையை யார் பார்த்துக்கிட்டாங்க, எப்படிப் பார்த்துக்கிட்டாங்க, அந்த ஒரு நூலை மட்டும் பிடிச்சுட்டுப் போவோம்.

45 வருஷம் ஒரே வேலை

முதல் ஆள் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்துக்காரர், 1838ல பிறந்தவர். 1862 கடைசியில மெட்ராஸ் வந்து இறங்குறார், அப்ப வயசு 24. நம்மள்ல பல பேர் முதல் கம்பெனியை விட்டு ரெண்டாவது கம்பெனிக்கு மாறுற வயசு. அவர் திரும்பிப் போனது 1907ல. நடுவுல 45 வருஷம்.

அவர் வந்தப்ப அங்க இருந்தது 1837ல ஜான் ஆண்டர்சன் தொடங்கின ஒரு பள்ளிக்கூடம். தாம்பரத்துல இல்லை, பாரிமுனைப் பக்கம், இன்னைக்கு ஹைகோர்ட் இருக்குற இடத்துக்கு எதிர்ல. அதை மில்லர் கல்லூரியா வளர்த்தார். 1877ல ‘மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி’ங்கற பேர் வந்தது. 1882ல இந்தியக் கல்வியை ஆராய அமைச்ச ஹண்டர் கமிஷன்ல அவரும் ஒரு உறுப்பினர். 1901ல மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதே வருஷம் அவருக்குச் சிலையும் வச்சாங்க, ஆள் உயிரோட இருக்கும்போதே.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. துணைவேந்தர்னு சொன்னதும் நமக்கு பெரிய ஆபீஸ், சைரன் வச்ச கார், பட்டமளிப்பு விழா கவுன் எல்லாம் ஞாபகம் வரும். அந்தக் காலத்து மெட்ராஸ் பல்கலைக்கழகம் வேற மாதிரி. 1857ல தொடங்கினதுல இருந்து தேர்வு நடத்துறது, பட்டம் கொடுக்குறது, இதுதான் அதோட வேலை. 1904 சட்டம் வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் தாங்களே பாடம் நடத்தலாம்னு ஆச்சு. அதனால மாணவன் யாரு, எங்க தங்குறான், என்ன சாப்பிடுறான்னு பல்கலைக்கழகத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அது தெரிய வேண்டிய இடம் கல்லூரி. மில்லர் முழு ஆயுசையும் போட்டதும் அங்கதான்.

அப்ப மெட்ராஸுக்குப் படிக்க வர்ற பசங்க எங்கிருந்து வந்தாங்க? தஞ்சாவூர், திருநெல்வேலி, ஆந்திரா பக்கம், மலபார். சொந்தக்காரங்க வீடு இருந்தா சரி. இல்லைன்னா ஜார்ஜ் டவுன் சந்துல ஒரு அறை, ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடை. இன்னைக்கு ஓஎம்ஆர்ல பிஜி தேடுற கதைதான், ஏசி மட்டும் கிடையாது. மில்லர் கல்லூரிக்குப் பக்கத்துல விடுதிகள் கட்ட ஆரம்பிச்சார். கல்லூரிக்காகத் தன் சொந்தப் பணத்தையும் போட்டார். 1883ல கல்லூரிப் பத்திரிகை ஒண்ணு தொடங்கிச்சு. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பத்தி மாணவர்களுக்குப் பேசினதைப் புத்தகமாவும் போட்டார். அதுல ஒரு தலைப்பு, லியர் மன்னன் கதையையும் இந்திய அரசியலையும் சேர்த்துப் பேசுறது. 1900ல வந்த புத்தகம்! காங்கிரஸ் ஆரம்பிச்சு 15 வருஷம்தான் ஆகியிருந்தது.

மாணவன்னா காலைல பத்து மணிக்கு வந்து சாயங்காலம் நாலு மணிக்குப் போற ஆள்னு அவர் நினைக்கலை. மீதி நேரமும் கல்லூரியோட பொறுப்புன்னு நினைச்சார். இன்னைக்கு ‘ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்’னு பெரிய போர்டு மாட்டி வச்சிருக்கோமே, அதோட வேர் இங்கதான் இருக்கு.

அதுக்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அது காலனி ஆட்சிக் காலம், மிஷன் கல்லூரி, படிக்க வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மேல்சாதி ஆண் பிள்ளைகள். பெண்களை இந்தக் கல்லூரியில சேர்த்துக்கிட்டது 1939லதான். மில்லர் போய் 32 வருஷம் கழிச்சு.

பாரிமுனையிலிருந்து தாம்பரம்

ஜார்ஜ் டவுன்ல இடம் பத்தலை. ஊருக்கு வெளியில போகணும்னு முடிவாச்சு. தாம்பரம் அப்ப எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. சேலையூர்ப் பக்கம் முள்ளுக்காடு. ஆனா 1931ல பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அந்த ரயில் இல்லைன்னா இந்தக் கல்லூரியை இங்க கொண்டு வர்றதை நினைச்சே பார்த்திருக்க முடியாது. சுமார் 365 ஏக்கர். ஹென்றி ஷேட்டி என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். 1937 ஜனவரியில திறப்பு விழா, கல்லூரிக்குச் சரியா நூறு வயசு. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரும் அவர் மனைவியும் மரம் மரமா நட்டாங்க. பார்ன்ஸ் 1941லயே இறந்துட்டார். அந்த நிழல்ல இன்னைக்கும் பசங்க உட்கார்ந்திருக்காங்க.

இந்த இடமாற்றத்துல மரத்தை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. விடுதிகளை எப்படி அமைச்சாங்கங்கறதுதான். செயின்ட் தாமஸ் ஹால், சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால். எம்.சி.சி.காரங்க யாரும் ‘நான் ஹாஸ்டல்ல இருந்தேன்’னு சொல்ல மாட்டாங்க, ‘நான் சேலையூர்’, ‘நான் ஹீபர்’னுதான் சொல்வாங்க. ஒவ்வொரு ஹாலுக்கும் தனி டைனிங் ஹால், தனி விழா, மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குற பொதுச்செயலாளர், ஒரு கேபினெட். ஹாலுக்கு வார்டன் ஒரு பேராசிரியர். அவர் வீடு ஹாலை ஒட்டியே இருக்கும்.

இந்த ரெண்டு அம்சத்தையும் சேர்த்துப் பாருங்க. அதிகாரத்துல ஒரு பங்கு மாணவர்கள் கையில. ஆனா பெரியவர் ஒருத்தர் கூப்பிடு தூரத்துல. இந்த எபிசோடுல நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். சாவியைக் கொடுக்கணும், ஆனா வீட்டை விட்டுப் போகக் கூடாது.

நம்ம ஐடி பாஷையில சொன்னா, மாணவர்களுக்கு ரீட் ஆக்சஸ் மட்டும் இல்லை, ரைட் ஆக்சஸும் இருக்கு. அதே சமயம் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா எடுக்குறதுக்கு ஆன்-கால்ல ஒரு சீனியர் இருக்கார். ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா சிஸ்டம் நிக்காது.

மெஸ் கணக்கு ஒரு பாடம்

ரைட் ஆக்சஸ்னு பெருசா சொல்லிட்டேன், ஒரு உதாரணம் பார்ப்போம். ‘டிவைடிங் சிஸ்டம்’னு கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க அப்பாவோ மாமாவோ தமிழ்நாட்டுல ஹாஸ்டல்ல படிச்சிருந்தா அவங்ககிட்ட கேளுங்க, கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

மாசக் கடைசியில மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல் ஆட்கள் கூலி எல்லாத்தையும் கூட்டுவாங்க. ஒரு பேச்சுக்கு 5 லட்சம் ரூபாய்னு வைங்க. அந்த மாசம் எல்லாரும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினா 5,000 வருது. அப்ப ஒரு ஆளுக்கு ஒரு நாள் 100 ரூபாய். நீங்க ஊருக்குப் போயிட்டு 24 நாள்தான் சாப்பிட்டீங்கன்னா மெஸ் பில் 2,400. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டுறது மெஸ் ரெப். அவனும் ஒரு மாணவன்தான். அரிசி மூட்டை எந்தக் கடையில என்ன விலைக்கு வாங்கினோம், தக்காளி ஏறினப்ப ரசத்துக்கு என்ன பண்ணினோம், ஸ்பெஷல் சாப்பாடு மாசத்துக்கு எத்தனை தடவை, எல்லாத்துக்கும் அவன் பதில் சொல்லணும். சிக்கன் வாரம் ரெண்டு நாள் வேணும்னு பொதுக்குழுவுல கை தூக்குறவன், அடுத்த மாச பில்லைப் பார்த்ததும் தானா கையை இறக்கிடுவான். ஜனநாயகம், பட்ஜெட், ஊழல், தணிக்கை எல்லாத்தையும் சாம்பார் வாளிக்குப் பக்கத்துல நின்னு கத்துக்கிறது இது.

நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல, பேர் வேண்டாம், மெஸ் ஃபீஸ் வருஷ ஆரம்பத்துலயே மொத்தமா கட்டிடணும். காண்ட்ராக்ட் மெஸ். ஊருக்குப் போனாலும் கழிவு கிடையாது. வாசல்ல கயிறு கட்டின ஒரு கம்ப்ளெயிண்ட் நோட்டு தொங்கும். நாலு வருஷம் அதுல எழுதினோம். சப்பாத்தி வேகலை, தண்ணி வரலை, பூச்சி இருந்துச்சு. பதில்னு ஒரு வரி கூட யாரும் எழுதி நாங்க பார்த்ததில்லை. எலெக்‌ஷனும் கிடையாது, கிளாஸ் ரெப்பை ஹெச்ஓடி சொல்லுவார். நாலு வருஷம் முடிச்சு வேலைக்கு வந்தா, ‘ஓனர்ஷிப் எடுங்க’ன்னு மேனேஜர் சொல்றார். எதுக்கும் ஓனரா இருக்க விடாம வளர்த்துட்டு, 22 வயசுல திடீர்னு ஓனர்ஷிப் எங்கிருந்து வரும்?

சாவி மட்டும் கொடுத்தா?

இப்ப எதிர்ப் பக்கத்தையும் பேசணும். ‘மாணவர்களே பார்த்துக்குவாங்க’ன்னு விட்டுட்டா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு நல்லாவே தெரியும்.

1996 நவம்பர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல முதல் வருஷ மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருத்தரால கொல்லப்பட்டார். நம்ம தலைமுறையில நிறைய பேர் இந்தப் பேரைக் கேள்விப்படாம கூட இருக்கலாம், அப்பா அம்மாகிட்ட கேட்டா உடனே சொல்லுவாங்க. நாவரசுவோட அப்பா பொன்னுசாமி, அப்ப சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மாநிலத்தோட பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தலைமையில இருந்த ஒருத்தரோட பிள்ளைக்கே விடுதியில பாதுகாப்பு இல்லை. அதுக்கப்புறம்தான் 1997ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது.

இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் சொல்லுவாங்க. ஒண்ணு, எல்லாத்தையும் பூட்டு, கேமரா வை, கேட்டை எட்டு மணிக்கு மூடு. இன்னொண்ணு, அதெல்லாம் ஹால் கலாச்சாரம், ஜாலிக்குத்தானே, கண்டுக்காதே. ரெண்டுமே பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற பதில். முதலாவது மாணவனை நம்பலை. ரெண்டாவதுல, பயந்து போன முதல் வருஷப் பையன் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. கேமராவுல பதிவாகும், ஆனா கேமராகிட்ட போய் அழ முடியாது. ஹாலை ஒட்டி வார்டன் வீடு இருக்கணும்கறதுக்குக் காரணம் அதுதான். அங்க விளக்கு எரியுதுன்னு எல்லாருக்கும் தெரியணும்.

தாம்பரத்திலிருந்து ஷில்லாங்

தாம்பரத்துக்கு வந்த பிறகு ரொம்ப நாள் முதல்வரா இருந்தவர் அலெக்சாண்டர் பாய்ட். 1938ல இருந்து 1956 வரைக்கும், 18 வருஷம். அந்த 18 வருஷத்துல என்னெல்லாம் நடந்ததுன்னு பாருங்க. இரண்டாம் உலகப் போர், வெள்ளையனே வெளியேறு, சுதந்திரம், குடியரசு. வெள்ளைக்கார முதல்வர் ஒருத்தர், சுதந்திரத்துக்காகக் கொதிக்கிற மாணவர்கள் நடுவுல காலேஜ் நடத்தி, அதைச் சுதந்திர இந்தியாவுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

1962ல முதல் இந்திய முதல்வர் வந்தார். சந்திரன் தேவநேசன். வரலாற்றுப் பேராசிரியர், கவிதை எழுதுறவர், ஹார்வர்டுல டாக்டர் பட்டம். அந்த ஆராய்ச்சியில இருந்து வந்ததுதான் காந்தியோட ஆரம்ப கால வாழ்க்கையைப் பத்தி 1969ல அவர் போட்ட புத்தகம். காந்தி மகாத்மாவா ஆகுறதுக்கு முன்னாடி யார்கிட்ட என்ன கத்துக்கிட்டார்ங்கறதுதான் அதோட அக்கறை. ஒரு மாணவன் எப்படி ஆளாகுறான்னு கேட்குற மனசு அது. இப்படி ஒரு ஆள் முதல்வர் நாற்காலியில உட்கார்ந்தது எனக்குப் பொருத்தமா படுது.

அவர் இருந்த பத்து வருஷமும் சாதாரண காலம் கிடையாது. 1965 ஜனவரியில இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலம் முழுக்க மாணவர்கள் கையில இருந்தது. கல்லூரிகளையே மூட வேண்டி வந்தது. 1967ல ஆட்சியே மாறிச்சு. மாணவன்னா யாருங்கற கேள்விக்கு அந்த வருஷங்கள்ல தமிழ்நாடே புதுப் பதில் எழுதிட்டிருந்தது.

1972ல தாம்பரத்துல முடிச்சுட்டு, அடுத்த வருஷம் ஷில்லாங் போறார். வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தோட முதல் துணைவேந்தர். நாடாளுமன்றச் சட்டம் மூலமா 1973ல புதுசா தொடங்கின மத்தியப் பல்கலைக்கழகம். மேகாலயா தனி மாநிலமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாகாலாந்து, மிசோரம் பகுதிகளுக்கும் அதுதான் பல்கலைக்கழகம். பல மொழி, பல இனக்குழு, மேல படிக்கணும்னா மலையை விட்டே இறங்க வேண்டியிருந்த பிள்ளைகள். அந்தப் பல்கலைக்கழகத்தோட வாசகத்தைத் தமிழ்ல சொன்னா ‘எழுந்து கட்டுவோம்’னு வரும். கோஹிமாவுலயும் ஐஸ்வாலிலும் அதோட வளாகங்கள் வந்தது. அங்க பின்னாடி தனிப் பல்கலைக்கழகங்களே உருவாச்சு. நாகாலாந்துக்கு 1994ல, மிசோரமுக்கு 2001ல.

எம்.சி.சி. 1978ல தன்னாட்சிக் கல்லூரி ஆச்சு, நாட்டிலேயே முதல்ல அந்த அந்தஸ்து வாங்கின கல்லூரிகள்ல ஒண்ணு. மாணவர்கள்கிட்ட ஹாலைக் கொடுத்த மாதிரி, பல்கலைக்கழகம் கல்லூரிகிட்ட பாடத்திட்டத்தையும் தேர்வையும் கொடுத்தது. மேல இருக்குறவங்க நம்பிக் கொடுக்குற அதே தர்க்கம், இன்னும் ஒரு படி மேல.

கால அளவு ஏன் முக்கியம்

மில்லர் 45 வருஷம், பாய்ட் 18, தேவநேசன் 10. இதே ஊர்ல ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1942ல இருந்து 1969 வரைக்கும், 27 வருஷம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தார். இப்ப மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 3 வருஷம். முதல் வருஷம் ஃபைல் புரியணும், மூணாவது வருஷம் அடுத்து யாருன்னு பேச்சு வந்துடும். நடுவுல ஒரு வருஷம்.

ஒரே ஆள் 27 வருஷம் உட்காரணும்னு நான் சொல்லலை. அதுலயும் ஆபத்து இருக்கு, கேள்வி கேட்க ஆள் இல்லாமப் போகும். ஆனா ஒரு பேட்ச் உள்ள வந்து வெளிய போறதையாவது முழுசா பார்க்காத ஒருத்தரால, தான் போட்ட விதி மாணவனை என்ன பண்ணிச்சுன்னு தெரிஞ்சுக்கவே முடியாது. கோட் எழுதிட்டு புரொடக்‌ஷன்ல ஓடுறதுக்குள்ள வேற டீமுக்குப் போயிடற மாதிரி.

நீங்க என்ன பண்ணலாம்

நடைமுறைக்கு வருவோம். யூஜிசி 2023ல மாணவர் குறை தீர்ப்பு விதிமுறைகளைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறை தீர்ப்புக் குழு இருக்கணும். அதுல பெண் ஒருத்தராவது, எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி பிரிவிலிருந்து ஒருத்தராவது இருக்கணும். மாணவர் பிரதிநிதி ஒருத்தர் சிறப்பு அழைப்பாளர். நீங்க புகார் கொடுத்தா 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை வரணும். திருப்தி இல்லைன்னா 15 நாளுக்குள்ள ஓம்புட்ஸ்பர்சன்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். அந்தப் பொறுப்புல இருக்குறவர் ஓய்வு பெற்ற துணைவேந்தராவோ பேராசிரியராவோ முன்னாள் மாவட்ட நீதிபதியாவோ இருப்பார். 30 நாளுக்குள்ள முடிக்கப் பார்க்கணும்னு விதி. அதனால கயிறு கட்டின நோட்டுல எழுதாதீங்க. மெயில் போடுங்க, தேதியோட. பதிலுக்கு நாள் எண்ணுங்க.

தம்பி தங்கச்சியை காலேஜ்ல சேர்க்கப் போறீங்களா? ப்ளேஸ்மென்ட் சதவீதம் எல்லாரும் கேட்பாங்க. நீங்க கூடவே மூணு கேள்வி கேளுங்க. வார்டன் ராத்திரி எங்க தூங்குறார்? மெஸ் கணக்கை எந்த மாணவன் பார்க்குறான்? குறை தீர்ப்புக் குழுவுல யார் யார் இருக்காங்க, பேரைச் சொல்ல முடியுமா? மூணுக்கும் டக்குனு பதில் வந்தா அந்த இடத்துல மாணவர்களை யாரோ நினைச்சுப் பார்க்குறாங்கன்னு அர்த்தம். ‘அதெல்லாம் வெப்சைட்ல இருக்கு சார்’னு வந்தா, நீங்களே புரிஞ்சுக்குவீங்க.

உங்க ஹாஸ்டல்ல இதுக்கு என்ன பதில் கிடைச்சதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம், ஊர் சொன்னா போதும். டிவைடிங் மெஸ்ல ரெப்பா இருந்தவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, அந்த நோட்டீஸ் போர்டு கணக்கு பழைய பெட்டியில எங்கயாவது இருக்கான்னு பாருங்க. அடுத்த எபிசோடுல அதை வச்சே பேசலாம்.